அம்மா படம் போட்ட அட்டை

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பேச்சு கம்மி. பன்னிரண்டாவது மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கத்தினாலும் "இருங்க, வரேன்" என்பதோடு சரி. வீட்டில் அவனுக்கும் சேர்த்து மனைவி பேசிக்கொண்டிருந்தாள். எட்டு வயது மகளுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பெற்றோருக்கான சனிக்கிழமைப் பயிற்சிக்கு மூன்று வருடம் ஒரு வகுப்பு விடாமல் போய், தண்ணீர், பிஸ்கட், ஊஞ்சல் என்று படம் எடுத்து அட்டை செய்து, அட்டையைக் கொடுத்துக் கேட்கப் பிள்ளையைப் பழக்கியவள் அவள்தான். இவன் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால் வேலையாம். பெரிய வேலை!

ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பி வராமல் போய் நாலு மாதம். இவன் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் நிஜம். உடம்பு பாட்டுக்கு எழுந்தது, குளித்தது, வேலைக்குப் போனது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப்போன மறுநாள் காலை, மகள் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து அம்மா படம் போட்ட அட்டையைப் பிய்த்துவந்து அவன் கையில் வைத்தாள். அட்டை வந்தால் கேட்டதை உடனே கையில் கொடுத்துவிட வேண்டும். மனைவி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இவன் எதைக் கொடுப்பான்? கை போன போக்கில் மேல்தட்டு டப்பாவை இறக்கி ஒரு பிஸ்கட் கொடுத்தான். மறுநாளும் அதே அட்டை, அதே பிஸ்கட். நாலு மாதமாக இதே கதை. மனைவியைக் கேட்க இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறது என்ற நினைப்புதான் அவனைத் தினமும் படுக்கையைவிட்டு எழுப்பியது.

இப்போது மகளைக் கூட்டிக்கொண்டு, அவள் ஸ்கூலிலேயே நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு அவனே போகிறான். குழந்தைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருப்பான். போன வாரம் வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவனையும் மகளையும் மட்டும் இருக்கச் சொன்னாள். ஸ்கூலில் வைத்திருக்கும் அட்டைகளிலும் பிள்ளை அம்மா அட்டையைத்தான் எடுத்துக் கொடுக்கிறாளாம். கொடுத்துவிட்டு பிஸ்கட் அலமாரியைப் பார்க்கிறாளாம். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னான். டீச்சர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பிள்ளையின் முன்னால் வைத்து, பக்கத்திலேயே அம்மா அட்டையையும் வைத்தாள். பிள்ளை பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ அம்மாவைக் கேக்கலைங்க, பிஸ்கட் கேக்குறா," என்றாள் டீச்சர். "அந்தப் படத்துக்கு அதுதான் அர்த்தம்னு நாமளே பழக்கிட்டோம்."

"நாம இல்ல டீச்சர். நான்."

"அவளுக்கு ஏக்கம் இல்லைன்னு நான் சொல்லல. அதைச் சொல்றதுக்கு இப்போ இந்த அட்டை உதவாது, அவ்வளவுதான்."

கொஞ்ச நாளைக்கு அம்மா அட்டையை எடுத்து வைத்துவிட்டு, பிஸ்கட் அட்டையைப் பழையபடி பழக்கச் சொன்னாள். தலையாட்டிவிட்டு வந்தான். வழியில் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு காலை வீட்டில் பிஸ்கட் அட்டையைத் தேடினால், அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விழுந்து தூசி மண்டிக் கிடந்தது. எத்தனை நாளாகவோ! துடைத்து ஒட்டினான். மகள் அதைப் பார்த்த கையோடு எடுத்துக் கொடுத்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு பிஸ்கட் கொடுத்தான். பிறகு அம்மா அட்டையைப் பிய்த்தான். பிய்த்துவிட்டானே ஒழிய, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலமாரியா, பீரோவா, டூல்ஸ் பையா? அப்படியே நின்றான். என்ன நினைத்தானோ, அட்டையை மகளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிப் பார்த்தாள். அட்டை கொடுத்தவருக்குக் கேட்டதை உடனே கொடுக்க வேண்டும், அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தாள். தன்னுடைய இரண்டு பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

நின்றபடியே அவன் அதைத் தின்றான். தின்று முடிக்கும்வரை மகள் பக்கத்திலேயே நின்றாள்.