கணவர் பெயரோடு ஒரு மனு

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதுதான் வினையாகிப் போனது.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். அடிபட்டு வீட்டை விட்டு வருகிற பெண்கள் ரெண்டு நாள் தங்க ஊருக்குள் ஓர் இடம் வேண்டுமென்று, மகளிர் குழுவில் நாங்கள் சிலர் நாலு மாதம் அலைந்தோம். சமுதாயக்கூடத்தின் பின்னறை சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, அதைக் கொடுங்கள் என்று கவுன்சிலரிடம் கேட்டோம், கட்சிக்காரர்களிடம் கேட்டோம். கடைசியில் ஊராட்சித் தலைவர், "பொம்பளைக கையெழுத்து வாங்கிக் கிராமசபையில மனுவாக் குடுங்க, தீர்மானம் போட்டுருவோம்" என்றார்.

கையெழுத்து வாங்க முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைக்கும் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஒருத்தி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். கன்னத்துக் காயத்துக்கு அந்த மாதத்தில் மட்டும் மூன்று காரணம் சொல்லியிருந்தவள்.

"வீட்டுல அவுகளுக்குத் தெரியாதுல்லக்கா?"

"எப்படித் தெரியும்? நான் இருக்கேன்ல, போடு தாயி."

போட்டாள்.

மனுவை நான்தான் எழுதினேன். குழுக் கடனுக்கு எழுதி எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் க/பெ என்று போட்டு, கணவன் பெயரையும் எழுதிவிட்டேன். புருஷன் பெயர் இல்லாமல் ஒரு பொம்பளையின் பெயரை எந்தத் தாளிலும் எழுதிப் பழக்கமே இல்லையே! என் புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

கிராமசபையில் கிளர்க் மனுவை மட்டும் வாசித்திருந்தால் தப்பித்திருப்போம். "எழுத்து முத்து முத்தா இருக்குங்க" என்று என்னைப் பாராட்டிவிட்டு, அடியில் இருந்த பெயர்களையும் மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார். இன்னாருடைய மனைவி இன்னார், இன்னாருடைய மனைவி இன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த ஆம்பளைகளிடம் ஒரே சிரிப்பு. "டேய் மாப்ளே, ஒம் பேரும் வருதுடா! வீட்டுல கை நீளுதோ?"

அட கிரகமே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் அதுவே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமா? யோசித்து முடிப்பதற்குள் அந்தக் கொட்டகைக்காரி பெயரும் அவள் புருஷன் பெயரும் வந்து போய்விட்டன.

தீர்மானத்துக்கு யார் ஆதரவு என்று தலைவர் கேட்டதும் ஆம்பளைகள்தான் முந்திக்கொண்டு கை தூக்கினார்கள். தூக்காதவன் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஆகிவிடுமே! அவள் புருஷன் எழுந்து நின்று, "நல்ல காரியங்க, அவசியம் செய்யணும்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, அறைச் சாவியை என் கையிலேயே கொடுத்தார்கள், எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை என்று கொட்டகையில் சொன்னார்கள். வீட்டுக்குப் போனேன். அவன்தான் நாற்காலியை எடுத்துப் போட்டான். "வாங்கக்கா, உக்காருங்க. ஏய், அக்காவுக்கு டீ போட்டாந்து குடு." மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"இவ பேரை மட்டும் அந்த மனுவுலேருந்து எடுத்துருங்கக்கா. ஊரே சிரிக்குது."

அவள் முகத்தில் பாதியை முந்தானையால் மூடியபடி அடுப்படி வாசலில் நின்றாள். "எடுத்துருங்கக்கா" என்று அவளும் சொன்னாள்.

முடியாது என்றால் நான் எழுந்து போனதும் அவளுக்கு விழும். எடுத்துவிட்டால் அவள் எதையும் கேட்கவே இல்லை என்றாகிவிடும். எது அவளுக்கு நல்லது? "எடுத்துர்றேன்" என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவுக்குப் போனான். அவள் டீ கிளாஸை நீட்டியபடி என் பக்கம் குனிந்தாள்.

"அந்த ரூமுக்கு உள்பக்கம் தாப்பா இருக்காக்கா?"

நாலு மாதம் அந்த அறைக்காக அலைந்தவள் நான். ஒரு தடவைகூட உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்ததில்லை.