தலைகீழாக ஒட்டிய பாட்டு

என் அக்கா ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். புதுத்துணி தைப்பதில்லை. அடுத்தவர் தைத்ததைப் பிரிப்பது, பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கால் உயரம் குறைப்பது, அவ்வளவுதான். பேண்டைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பி, தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். துணி இருந்தால் "ஆகும்". இல்லாவிட்டால் "ஆகாது". அதற்குமேல் அவளிடம் பேச்சை எதிர்பார்க்கக்கூடாது. வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் சண்டை போடுவதும் என் வேலை. இரண்டாவது எனக்கு நன்றாகவே வரும்.

போன மாதம் ஒருவர் வந்தார். முன்பக்கம் வழுக்கை, பின்பக்கம் குடுமி. கையில் துணி எதுவும் இல்லை. பழைய ரெக்கார்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுவதுதான் தன் தொழில் என்றார். ஒரு பழைய ஆல்பத்தின் பெயரைச் சொல்லி, "அந்த ஆல்பத்துல பாடினவங்க நீங்கதானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுப்பதே இல்லை.

நடந்தது இதுதான். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. முடி வளர்த்த நாலு பேர் ஒரு கார் ஷெட்டில் பாட்டுக்குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். மேடையில் போடுவதற்கு அவர்களுக்குப் பூப்போட்ட சட்டைகள் வேண்டும். அக்கா தைத்துக் கொடுக்கப் போனாள். அளவு எடுக்கும்போது அவள் ஏதோ முணுமுணுக்க, அந்தக் குழுவை நடத்திய கிட்டார்காரர் காது கொடுத்துவிட்டார். முதல் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு இவள் பாடட்டும் என்றார். மழையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தி நடந்தே வீடு சேர்வதைப் பற்றிய பாட்டு. வேறொரு நாள், தனி நாடாவில் பதிவு செய்தார்கள். அக்கா பதினைந்து நாள் தொண்டையைப் பொத்திப்பொத்தி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ரெக்கார்டு வந்தது. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டோம். பாட்டு வருமென்று பார்த்தால், கழுத்தை நெரித்த மாதிரி ஒரு சத்தம் உள்ளே இழுத்துக்கொண்டே போனது. ரெக்கார்டு கம்பெனியில் நாடாவைக் கடைசியிலிருந்து முன்னுக்குச் சுற்றாமல், இருந்தபடியே எடுத்து மற்ற பாட்டுகளோடு ஒட்டிவிட்டார்கள். வால் தலையாகிவிட்டது. பாட்டு முழுக்கத் தலைகீழ். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்குப் பேச்சு சரியா வருமில்ல?" என்று கேட்டார்கள். தெருவில் அவளுக்கு "ரிவர்ஸ்" என்று பெயர் விழுந்தது. ஆல்பம் விலை போகவில்லை, குழுவும் கலைந்தது. அக்கா அதற்குப்பிறகு பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடியதில்லை. நான் கேட்டிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். வாயே திறக்கவில்லை.

இப்போது இந்தக் குடுமிக்காரர் வந்து, அந்தப் பாட்டுக்காகத்தான் உலகத்தில் சிலர் உயிரை விடுகிறார்கள் என்கிறார். சைக்கடெலிக் ராக் என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கேட்டால் தலை சுற்ற வேண்டும், அதுதான் அந்தக் காலத்துப் பாணி என்றார். தலை சுற்றினால் டாக்டரிடம் போவதுதானே, காசு கொடுத்தா கேட்பார்கள்?

"அந்தப் பாட்டு ஆரம்பத்துல ஒரு மந்திரம் வருதே, அதைச் சட்டையில எல்லாம் அச்சடிச்சுப் போட்டுக்கறாங்க" என்றார். "உங்க கிட்டார்காரர் பேட்டி கொடுத்திருக்காரு. தியானத்துல அவருக்குக் கிடைச்ச வார்த்தையாம். பாட்டைத் தலைகீழா வச்சதும் அவரோட யோசனைதானாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரோட யோசனையா? அவர் யோசிச்ச லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள். "அந்தப் பாட்டு நேரா வருமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தான் பாடியதை, பாடியபடியே நாலு பேர் கேட்கவேண்டும். அவளுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

பாடியவர் சம்மதம் இல்லாமல் ஆல்பத்தை வெளியிட முடியாதாம். மறுவாரம் குடுமிக்காரர் கையெழுத்து வாங்க வந்தார். கூடவே கிட்டார்காரர். முடியெல்லாம் போய், இஸ்திரி போட்ட சட்டையில் ஜம்மென்று இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்துகொண்டார்.

"நல்லாயிருக்கியாம்மா?" என்றார்.

"இருக்கேன்" என்றாள் அக்கா. அவர் பக்கம் பார்க்கவில்லை.

குடுமிக்காரர் பையிலிருந்து நாடாச் சுருள் ஓட்டும் ஒரு ஸ்பூல் பிளேயரை எடுத்து வெட்டு மேஜைமேல் வைத்தார். மூடிப்போன கம்பெனியின் குடோனில் அந்தத் தனி நாடா கிடைத்துவிட்டதாம். பாட்டு நேராக வருமா என்று கேட்டீர்களே, அதனால் கொண்டு வந்தேன் என்றார் பெருமையாக. கிட்டார்காரர் முகம் சுண்டிவிட்டது. "இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? அந்தத் தலைகீழ்தான் நம்ம பாட்டு" என்றார். அதற்குள் நாடா ஓட ஆரம்பித்துவிட்டது.

பாடினாள் என் அக்கா. அலட்டல் இல்லை, அழுகை இல்லை. பஸ் போய்விட்டது, சரி, நடக்கலாம் என்று ஒருத்தி மழையில் நடப்பது அப்படியே வந்தது. நான் அழுதேன். நெகிழ்ந்துபோய் இல்லை. இதையா கழுத்தை நெரித்து வைத்தீர்கள் என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

பாட்டு முடிந்தும் நாடா ஓடியது. அக்காவின் பத்தொன்பது வயதுக் குரல் கேட்டது: "நான் நல்லாப் பாடினேனா?" யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நாடா தீர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

குடுமிக்காரர் வாயைப் பிளந்தார். "இது தலைகீழா ஓடினதுதான் அந்த மந்திரமா?" என்று கிட்டார்காரரைக் கேட்டார்.

"கடைசிப் பேச்சை வெட்டிடலாம்" என்றார் கிட்டார்காரர். "ஒரு கத்திரி போட்டாப் போச்சு."

அக்கா எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். "கேட்டேன்ல? அன்னைக்கு நீங்க பதில் சொல்லல. இப்பச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாடினக்கா" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. கேட்டது அவரை."

அவர் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார். அப்போது எல்லோருக்கும் சின்ன வயது என்றார். கம்பெனிக்காரன் மடையன் என்றார். அக்கா நகரவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்லாப் பாடின. ரொம்ப நல்லா. ரெக்கார்டு விற்பனைக்கு வர்றதுக்கு முன்னாடியே மாதிரி ஒண்ணு என் கைக்கு வந்துச்சு. தலைகீழா இருக்குன்னு தெரியும். நேரா வந்திருந்தா உன் பாட்டைத்தான் எல்லாரும் கேட்டிருப்பாங்க. குழு என்னோடது. அதான் திருத்தச் சொல்லாம அப்படியே விட்டுட்டேன்."

தையல் கத்திரியை எங்கே வைத்தேன் என்று தேடினேன். உண்மையாகவே தேடினேன். அக்கா என்னைப் பார்த்து, "உக்காரு" என்றாள்.

பிறகு குடுமிக்காரரிடம் திரும்பினாள். "பாட்டு நேரா வரணும். நான் கேட்டதும் அதுல இருக்கணும். இவர் இப்பச் சொன்னதை ரெக்கார்டு அட்டையில போடணும், இவர் பேர்லயே. அப்படின்னா கையெழுத்துப் போடறேன்."

"மந்திரம் இல்லன்னா யாரும்மா வாங்குவாங்க?" என்று குடுமிக்காரர் இழுத்தார்.

"வாங்க வேண்டாம்."

கிட்டார்காரர் எழுந்தே விட்டார். "நடக்கிற காரியமா பேசு. ஊர் உலகத்துக்கெல்லாம் என் யோசனைன்னு சொல்லியிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றாள் அக்கா. "பழகிடும்."

அந்தத் தாளில் இன்றுவரை கையெழுத்து விழவில்லை.