மோதிர விரலுக்கு ஒரு பெடல்

கம்பியார் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் அவர் வாசிக்கும் பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவன். கிட்டார் கம்பியோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், அதனால் கம்பி. பின்னால் ஒரு ‘யார்’ சேர்த்தது மரியாதைக்கா நக்கலுக்கா என்பது அவனுக்கே தெரியாது. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறார். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, “பில்லு, பில்லு” என்றுதான் குரல் வரும். சாயங்காலம் கிட்டாரைத் தோளில் மாட்டினால்தான் அவர் ஓர் ஆள். இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம். ஆனால் அவரை மேடையில் பார்த்தவர்கள் இதையேதான் சொல்வார்கள்.

பேண்ட் அவருடைய மனைவியின் தம்பிக்குச் சொந்தம். கீபோர்டு வாசிக்கிற மச்சான். ஓட்டல், கம்பெனி விழா, பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் நால்வரும் போவார்கள். மச்சான், கம்பியார், ‘புயல்’ என்ற டிரம்ஸ்காரன், அப்புறம் பேஸ் கிட்டார் வாசிக்கும் ‘மௌனி’. புயலுக்கு அந்தப் பெயர் ஏன் என்றால், பாட்டை எந்த வேகத்தில் ஆரம்பித்தாலும் முடிக்கும்போது ஓடிக்கொண்டிருப்பான். மௌனிக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் கம்பியாரின் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. கம்பியை அழுத்துகிற கை. முதலில் கம்பி மேல் பழி போட்டு மெல்லிய கம்பி மாற்றினார். பிறகு நாற்காலி மேல், பிறகு குளிர் மேல். எல்லாப் பழியும் தீர்ந்தபோது மரமரப்பு மோதிர விரலுக்கும் வந்துவிட்டது. கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனார். முழங்கையில் ஒரு நரம்பு நசுங்குகிறது, முதலில் ஒரு டெஸ்ட் எடுங்கள், ஆபரேஷன் தேவைப்படலாம், அதற்கப்புறம் மாதக் கணக்கில் கிட்டாரைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். கம்பியார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். டெஸ்ட் எடுக்கும் இடத்துக்குப் போகவே இல்லை. மாதக் கணக்கில் வாசிக்காத ஒருவனுக்காக எந்த பேண்டும் இடத்தைத் துடைத்து வைத்துக் காத்திருக்காது என்பது அவர் பயம். அந்தப் பயம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதிலிருந்து எல்லாவற்றையும் பூசி மெழுகிக்கொண்டு ஓட்டினார். இரண்டு விரலில் வாசிக்க முடிந்ததை மட்டும் வாசித்தார். கஷ்டமான இடம் வந்தால், “இங்க கீபோர்டு வந்தா நல்லாருக்கும் மச்சான்” என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். வீட்டில் பட்டன் வைத்த சட்டையை விட்டுவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறினார். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எதையும் கவனிக்கவில்லை என்பதில் இவருக்கு நிம்மதி. ஆனால் இன்னொரு விஷயத்தில் அவள் மேல் எரிச்சல். சமீபகாலமாக வீட்டில் எந்த மூடியும் ஒழுங்காக மூடியிருப்பதில்லை. பற்பசை திறந்தே கிடக்கும். எண்ணெய்ப் பாட்டில் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். ஒத்திகைக்குக் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் பாட்டில் ஒழுகிப் பையெல்லாம் ஈரம்.

“ஒரு மூடியக்கூட இறுக்கி மூடத் தெரியாதா? ஞாபகமெல்லாம் எங்க வச்சிருக்க?”

“வயசாகுதுல்ல, மறந்து போகுது,” என்பாள் அவள், கண்ணைத் தூக்காமலே.

இப்படியே காலம் தள்ளியிருப்பார். மச்சானின் பாசம்தான் வினையாக வந்தது. ஒரு பெரிய ஓட்டலில் வாரா வாரம் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்திருந்தது. முதல் நாளே அசத்த வேண்டும் என்று மச்சான் ஒரு யோசனை செய்தான்.

“மாமா, முதல் பாட்டு ஆரம்பம் நீங்க மட்டும்தான். வேற யாரும் வாசிக்க மாட்டோம். மெதுவா, ஒவ்வொரு சுரமா, நீட்டி நீட்டி விடுங்க. சனங்க சாப்பிடறத நிறுத்திட்டு திரும்பிப் பாக்கணும்.”

கம்பியார் மனதுக்குள் கணக்குப் போட்டார். வேகமாக வாசிப்பதென்றால்கூடச் சமாளித்துவிடலாம். நீட்டுவதுதான் முடியாது. அந்த ஆரம்ப மெட்டில் உச்சியில் வரும் சுரத்தை மோதிர விரலால்தான் பிடித்தாக வேண்டும். பிடித்து, அசையாமல் அழுத்தி, பாடுவது போல நிறுத்த வேண்டும். அவருடைய மோதிர விரலோ கம்பி மேல் போய் உட்காரும், அழுத்தாது. சுரம் பிறந்த வேகத்தில் செத்துப்போகும். “சரி மச்சான், அமர்க்களப்படுத்திடலாம்,” என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

அப்போதுதான் பெடல் யோசனை வந்தது. காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற சின்ன இரும்புப் பெட்டி. அவரிடம் முன்பு ஒன்று இருந்தது, எப்போதோ கெட்டுப்போனது. ஊரில் உள்ளவனெல்லாம் நல்ல சத்தத்துக்காகப் பெடல் தேடுவான். இவர் தேடியது தன் விரலை மறைத்துக்கொள்ள ஒரு போர்வை.

பில் போடுகிற நேரத்தில் செல்போனை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, விலை குறைந்த பெடல்களைப் பற்றி யார் யாரோ பேசுகிற வீடியோக்களைப் பார்த்தார். எல்லாரும் சின்னப் பையன்கள், எல்லாரும் சத்தியம் செய்யாத குறையாகப் புகழ்ந்தார்கள். ஒருநாள் கவனம் பிசகி, கிட்டப்பார்வைக் கண்ணாடி வாங்கியவரிடம் வேறு யாருடைய பில்லையோ கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். டெஸ்ட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் பர்ஸிலேயே இருந்தது. அதில் சுமாரான பெடல் ஒன்று வரும். ஒன்றே ஒன்று. எந்த ஒன்று என்பதுதான் கேள்வி.

ஒத்திகைக்குப் போகும் வழியில், பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையில் நுழைந்தார். கடைக்காரர் வாயாடி.

“டிலே பாருங்க சார். நீங்க ஒரு தடவ வாசிச்சா இது நாலு தடவ வாசிக்கும். எதிரொலி மாதிரி.”

எதிரொலி நல்ல மறைப்புதான். ஆனால் இந்த விலையில் வருவதற்கு வேகத்தை முன்கூட்டியே திருகி வைக்க வேண்டும். தனியாக ஆரம்பித்தாலும் நடுவில் புயல் வந்து சேர்ந்துகொள்வான். அவன் ஓட ஓட எதிரொலி பின்தங்கி, கல்யாண வண்டியைத் தவறவிட்டவன் மாதிரி கத்திக்கொண்டே வரும். வேண்டாம்.

“அப்ப டிஸ்டார்ஷன். தொட்டா போதும், நின்னு முழங்கும்.”

அதுவும் உண்மை. மெல்லத் தொட்டாலும் நீளும். ஆனால் மனிதர்கள் சாப்பிடுகிற இடத்தில் அந்த இரைச்சலை எழுப்பினால் ஓட்டல் மேனேஜர் முதல் பாட்டிலேயே வாசலைக் காட்டிவிடுவார். கோரஸ் என்ற இன்னொன்றை மிதித்துப் பார்த்தார். சுரம் தண்ணீருக்குள் நெளிகிற மாதிரி இருந்தது. அழகுதான், ஆனால் சாகிற சுரத்தை அது பிழைக்க வைக்காது, நெளிந்துகொண்டே சாகும்.

“சுரம் நீளணும். சத்தம் சுத்தமா இருக்கணும்,” என்றார் கம்பியார்.

“இத மொதல்லயே சொல்லக்கூடாதா? கம்ப்ரஸர்!” கடைக்காரர் ஒரு நீலப் பெட்டியை எடுத்து ஊதித் தூசி தட்டினார். “பெரிய சத்தத்த அமுக்கும், சின்ன சத்தத்த தூக்கிக் குடுக்கும். வலுவில்லாத சுரமும் வலுவா கேக்கும்.”

வலுவில்லாத சுரமும் வலுவாகக் கேட்கும். கம்பியாருக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கடைக் கிட்டாரை மாட்டி வாசித்துப் பார்த்தார். இங்கேதான் அவர் ஒரு தவறைச் செய்தார். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள், இருவர் முதுகிலும் கிட்டார் பை. முன்பின் தெரியாத அவர்கள் முன்னாலும் அவருக்குக் கௌரவம் தடுத்தது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் மட்டும் போதுமான ஒரு துண்டை எடுத்து விட்டார். சுரம் ஒவ்வொன்றும் தேனாக நீண்டது. நின்றவர்களில் ஒருவன் தலையாட்டினான். விரலை மறைக்கப் பெடல் வாங்க வந்த மனுஷன், பெடலைச் சோதிக்கும்போதும் விரலை மறைத்தார். மோதிர விரலை ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் போதும். வைக்கவில்லை. டெஸ்ட்டுக்கான பணம் கடைக்காரரின் கல்லாவுக்குள் போயிற்று.

ஒத்திகை நடப்பது மச்சான் வீட்டுக் கார் ஷெட்டில். சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருப்பார்கள், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமலிருக்க. கம்பியார் நீலப் பெட்டியைக் கீழே வைத்து வயரைச் செருகினார்.

“என்ன மாமா, புது ஐட்டமா? கலக்குறீங்க!” என்றான் மச்சான்.

“சும்மா, சத்தம் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டுமேன்னு.” நீட்டுவதற்கான குமிழை முழுசாகத் திருகினார். போர்வை என்றால் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும் அல்லவா?

மிதித்தார். ஆரம்பித்தார். முதல் சுரம், ஆள்காட்டி விரல், ஷெட்டையே நிறைத்தது. இரண்டாவதும் அப்படியே. மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். மெட்டு மேலே ஏறியது. உச்சிச் சுரத்துக்கு மோதிர விரல் போய் உட்கார்ந்தது.

“ட்ர்ர்ர்ர்” என்றது ஸ்பீக்கர்.

சின்ன சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்று கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. பாதி அழுத்திய கம்பி அடியிலுள்ள உலோகப் பட்டியில் உரசிக் கரகரப்பது பெடல் இல்லாதபோது அவர் காதுக்கு மட்டும் கேட்கிற சங்கதி. இப்போது அதைத்தான் அந்தப் பெட்டி பொறுக்கி எடுத்து, தூக்கி, நாலு பேர் காதிலும் போட்டது. விரல் நடுங்கியது கேட்டது. வழுக்கியது கேட்டது. மறுபடி முயன்றார். மறுபடி அதே.

“தூக்கிப் போடுங்க கம்பியாரே, ஓட்ட டப்பாவ தலையில கட்டிட்டானுங்க,” என்றான் புயல்.

“ஆமா மாமா, பெட்டி சரியில்ல. நாளைக்கே திருப்பிக் குடுத்துடுங்க.”

“அதான் போல,” என்றார் கம்பியார். வியர்த்துக் கொட்டியது. தப்பித்தோம் என்று நினைத்தார். அந்த ஒரு நொடி அவருக்கு அவ்வளவு சந்தோஷம், பாவம்.

பெட்டியில் என்ன கோளாறு என்று பார்க்க மௌனி எழுந்து வந்தான். கிட்டாருக்காகக் கையை நீட்டினான். கம்பியார் கிட்டாரைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என்ன சொல்லி மறுப்பது? கொடுத்தார். மௌனி குனிந்து குமிழைத் தொடாமலே பார்த்துவிட்டு, அதே மெட்டை, அதே கம்பியில் வாசித்தான். உச்சிச் சுரத்தை மோதிர விரலால் பிடித்தான். அது எழுந்து, நின்று, மெத்தைச் சுவர்களுக்கு நடுவே பாடிக்கொண்டே இருந்தது. மச்சான் சொன்ன மாதிரி, சாப்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

சுரம் அடங்கியது. எல்லார் பார்வையும் பெட்டியிலிருந்து மெல்லக் கிளம்பி கம்பியாரின் இடது கைக்கு வந்தது. அவர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மௌனிக்கு முகம் செத்துப்போயிற்று. தான் செய்த காரியம் அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆள் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். “பெட்டிதான் சரியில்ல,” என்றான். “ஆமா. எனக்கும் கரகரங்குது.”

“ஆமாமா, எனக்கும் கேட்டுச்சு,” என்றான் புயல் அவசரமாக.

அவர்கள் பழி சொல்லியிருந்தால் கம்பியார் சண்டை போட்டிருப்பார். அவர்கள் பொய் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“பெட்டி நல்லாத்தான்டா இருக்கு,” என்றார். “விரல்தான் போச்சு.”

மச்சான் கீபோர்டை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான். “எப்பலேருந்து மாமா?”

“போன வருஷத்துலேருந்து.”

“போன வருஷமா?” என்றான் மச்சான். அவனையறியாமல் கண் ஒரு தடவை மௌனி பக்கம் போய்த் திரும்பியது. ஓட்டல் நிகழ்ச்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. கம்பியார் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார். தன் இடம் கைமாறியது அவருக்குத் தெரிந்தது.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீயும் சொல்லித் தொலைக்காத. அவளால தாங்க முடியாது.”

கம்பியாருக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. பையை இழுத்தார். வழக்கம் போல அடியெல்லாம் ஈரம். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, திட்டிக்கொண்டே மூடியில் இடது கையை வைத்தார். திருகக்கூட இல்லை. அந்தச் செத்த விரல்கள் பட்டதுமே மூடி கழன்று கையோடு வந்தது.

கம்பியார் மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பற்பசை. எண்ணெய்ப் பாட்டில். வீட்டில் இத்தனை நாளாக எதுவும் இறுக்கி மூடப்படவில்லை. அவர் போட்ட சத்தமெல்லாம் ஞாபகம் வந்தது. அதற்கெல்லாம் மறதி என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு அவள் பாட்டுக்குக் குனிந்து வேலை பார்த்ததும் ஞாபகம் வந்தது.

“தெரியும்டா,” என்றார். பாட்டில் கையிலிருந்து நழுவி, நீலப் பெட்டியின் மேல் தண்ணீர் கொட்டியது. யாரும் எடுக்கவில்லை. “அவளுக்கு எல்லாம் தெரியும்.”