நாற்பத்தேழிலிருந்து பதில்

இது கட்டிவிட்ட கதை என்பவர்கள் என் அத்தானின் இடது காதைப் பார்க்கட்டும். பாதிதான் இருக்கிறது.

அத்தானுக்குத் தொழிற்சாலைகளில் நெட்வொர்க் போடும் வேலை. அன்று ஞாயிறு, பட்டப்பகல். ஆலையில் ஈ காக்கை இல்லை. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் ஏழாவதாக ஒன்று வந்திருந்தது; அதை இணைக்கப் போயிருந்தார். பழைய ஆறும் ஒரே சப்நெட்டில், ஒரே தெருவில் குடியிருப்பது மாதிரி. அதில் எட்டு ஐபி முகவரிகள், 40 முதல் 47 வரை. முதலாவது தெருவின் பெயர்ப்பலகை மாதிரி. கடைசி, எல்லா மெஷினையும் ஒரே குரலில் கூப்பிடுவதற்கு. இரண்டிலும் யாரும் குடியிருக்க முடியாது. மிச்சம் ஆறு. அதுவும் நிறைந்துவிட்டது.

சப்நெட்டைப் பெரிதாக்கி எல்லா மெஷினிலும் மாற்றினால் ஏழாவதுக்கு இடம் கிடைக்கும். நாலு மணி நேர வேலை. மேனேஜர் போனில் எரிந்து விழுந்தார்.

“மூணாவது ரிப்பேர்லதானே கிடக்கு? அதோட நம்பரையே குடுத்துட்டுப் போங்க.”

“அது சரியானதும் அங்க பட்டன அமுக்கினா இங்க இறங்கும் சார். ஆள் செத்துருவான்.”

“அப்பப் பாத்துக்கலாம்.”

அத்தானுக்கும் பசி. எக்கேடோ கெடட்டும் என்று மூன்றாவதின் நம்பரான 43-ஐ ஏழாவதில் அடித்தார். இன்னும் சேமிக்கவில்லை.

மணி 2:10. எல்லாவற்றுக்கும் பிங் அனுப்பினார். ‘இருக்கியா?’ என்று கதவைத் தட்டுவதுதான் பிங். ஐந்து பதில் வந்தது. ரிப்பேரில் கிடந்த மூன்றாவது பேசாது, சரி.

ஆறாவதாக ஒரு பதில்.

47-லிருந்து...

“என்ன கருமம் இது?”

47-லிருந்து பதில். 47-லிருந்து பதில்... நிற்கவே இல்லை.

ஏழாவதின் கேபிளைத் தப்பாக மாட்டிவிட்டோமோ என்று பிரஸ்ஸுக்கு அடியில் தலையை விட்டார். பயமில்லை. நெட்வொர்க் பெட்டிகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, பிரஸ்களை இயக்கும் மோட்டார்களுக்கு மின்சாரத்தை அவரே நிறுத்திப் பூட்டியிருந்தார். சாவி பையில்.

உள்ளே சூடாக இருந்தது. ரத்த வாடை.

இடது காதருகே ஒரு குரல்...

“கேக்குதா?”

தலையை வெடுக்கென்று இழுத்தார்.

மடார்!

ஏழு பிரஸ்ஸும்... ஒரே நொடியில்.

மடார்! மடார்!

ரிப்பேரில் கிடந்ததும்.

மடார்!

சட்டென்று நின்றது. மணி 2:17.

தரையில் பாதிக் காது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள். அத்தானுக்குக் காதோடு போனது. ரத்தம் சொட்டச் சொட்ட, முதலில் அந்த 43-ஐத்தான் அழித்தார். மறுநாள் கட்டுப்போட்ட தலையோடு வந்து, மேனேஜர் கத்தக் கத்த, சப்நெட்டைப் பதினாறாக்கினார். 32 முதல் 47 வரை. குடியிருக்கப் பதினாலு. கடைசி மட்டும் அதே 47.

ஒரு வாரம் கழித்து ஆலை மெக்கானிக் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னார். ஏழாவது புது மெஷினே இல்லை. வேறு ஆலையிலிருந்து பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தது. அங்கேயும் இரண்டு மெஷினுக்கு ஒரே நம்பர். தூரத்தில் எவரோ பட்டனை அமுக்க, இது இறங்கி, துடைத்துக்கொண்டிருந்தவரின் இரண்டு கையையும் நசுக்கியிருக்கிறது.

மதியம் 2:10-க்கு. ஏழு நிமிடம் உயிரோடு கத்தினாராம். மற்ற மெஷின்களின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.