டிவிடியில எப்படிப் போடட்டும்?

கேசட்டை டிவிடியாக மாற்றித் தருவது பட்டனை அமுக்குகிற வேலைதானே என்று சொல்பவர்கள், அந்தப் பட்டனுக்கு முன்னால் கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விகளைப் பார்த்ததில்லை. எத்தனை மணி நேரம்? அகலமா, சதுரமா? வெளிச்சத்தைச் சரி செய்யட்டுமா? படம் முடிந்ததும் என்ன செய்யட்டும்? ஒன்றில் தப்பாக டிக் அடித்தாலும் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் தெரியும். தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுபோன திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய்விடுவார். கடையும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. 2004-ல் டிவிடி ரைட்டர் வாங்கினோம். அடுத்த இரண்டு வருஷத்தில் ஊரே வீட்டிலிருந்த கேசட்டுகளைக் கட்டைப்பையில் போட்டு எடுத்து வந்தது.

குண்டான மணப்பெண்

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. 'அகலத்திரை' என்று ஒரு ஆப்ஷன் இருந்தது. அகலம் என்றால் நல்லதுதானே என்று டிக் அடித்துவிட்டேன். பொம்மையார்பாளையத்துக் கல்யாணம் அது. சாதாரண டிவியில் போட்டுப் பார்த்தால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, நடுவில் எல்லோரும் நசுங்கிப்போய்க் குண்டு குண்டாக நிற்கிறார்கள். மாப்பிள்ளையின் கழுத்தையே காணோம். ஈர்க்குச்சி மாதிரி இருந்த பெண்ணுக்குக் கன்னம் இரண்டும் உப்பிவிட்டது.

பயந்துபோய் ராவோடு ராவாக என்றெல்லாம் இல்லை, மறுநாள் சாவகாசமாகவே சரியான அளவில் இன்னொன்று போட்டேன். பெண்ணின் அம்மா வந்ததும் நடந்ததைச் சொல்லி இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். அந்தம்மா சரியானதை ஒரு நிமிஷம் பார்த்தார். தப்பானதைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு அதையே கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "சம்பந்தி வீட்டுக்கு இதையே அனுப்பிக்கிறேம்மா. பொண்ணு ஒல்லியா இருக்குதுன்னு ஒரே பேச்சு. எங்க வீட்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தாள்னு தெரியட்டும்."

வெட்டாத பதினாலு நிமிஷம்

ஒரு டிவிடியில் ஒரு மணி நேரம் போட்டால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். ரஹீமா அக்கா கொண்டுவந்த மகள் நிக்காஹ் கேசட்டோ மூன்று மணி நேரம். அவர் கணவர் சவுதியில் இருந்தார். லீவு கிடைக்காமல் சொந்த மகளின் நிக்காஹுக்கே வர முடியவில்லை. அவருக்கு அனுப்பத்தான் டிவிடி.

"தேவையில்லாததை வெட்டிட்டா படம் தெளிவா வரும்க்கா" என்றேன். வெட்டுவதற்கு முதல் ஆளாக ஒரு துண்டு தயாராகவே இருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிடப் போனபோது கேமராவை அணைக்காமல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினாலு நிமிஷம். அவர்கள் வீட்டுக் கொல்லைக்கதவு மட்டும்தான் தெரியும். யாராவது போவார்கள், வருவார்கள். ஒரு பூனை எட்டிப் பார்க்கும். உள்ளேயிருந்து யாரோ, "இன்னொரு சட்டி எங்க?" என்று கேட்பார்கள். ரஹீமா அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி மூன்று முறை குறுக்கே ஓடுவார். அவ்வளவுதான்.

"ஒண்ணையும் வெட்டாதே தங்கச்சி. அவர் எதையுமே பார்க்கலை, எல்லாத்தையும் பார்க்கட்டும். மங்கலா தெரிஞ்சா பரவாயில்ல" என்றுவிட்டார். எனக்கு மனசே இல்லை. இருந்தாலும் அப்படியே போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அந்த மனிதர் லீவில் வந்தார். நேராகக் கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். படம் மங்கல் என்று சண்டை போடப்போகிறார் என்று நினைத்து நான் காரணங்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நிக்காஹ ரெண்டு வாட்டிதான் பார்த்தேம்மா. அந்தக் கொல்லைக்கதவைத்தான் தினமும் வேலை விட்டு வந்து பார்ப்பேன். அந்தப் பதினாலு நிமிஷமும் நான் எங்க வீட்லதான் இருந்தேன்."

உப்பின் வெளிச்சம்

உப்பளத்தில் வேலை செய்கிற அஞ்சலை அக்காவின் மகன் சென்னையில் வேலை பார்த்தான். யாரிடமோ சின்ன கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்து, அம்மா பாத்தியில் பலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பதைப் படம் பிடித்திருந்தான். நல்ல பங்குனி வெயில். படம் முழுக்க ஒரே வெள்ளை. அதன் நடுவில் கறுப்பாக ஒரு உருவம் குனிந்து நிமிர்கிறது. அதுதான் அம்மா.

'வெளிச்சத்தைத் தானாகச் சரி செய்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. டிக் அடித்தேன். அதிசயம் போல முகம் தெரிந்தது. நெற்றியில் கட்டிய துணி, வியர்வை, எல்லாம் தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை. அம்மாவையும் மகனையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன்.

அக்கா திரையையே பார்த்தார். "இது எந்த ஊரு உப்பு?" என்றார்.

"உங்க பாத்திதாங்க்கா."

"மழையில நனைஞ்சு வீணாப்போன உப்பாட்டம் இருக்குதே."

அப்போதுதான் நானும் கவனித்தேன். முகத்தைக் கொண்டுவரப் போய் உப்பைச் சாம்பலாக்கியிருந்தேன். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். திரை பளீரென்றது. அந்த நிமிஷமே அக்காவின் கண்கள் தானாகச் சுருங்கின. வருஷக்கணக்காக அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்கள், பத்தடி தள்ளி ஒரு டிவி பெட்டியைப் பார்த்தும் அப்படியே சுருங்கின.

"ஆனா இதுல உங்க மூஞ்சி தெரியலியேக்கா" என்றேன்.

"மூஞ்சி கெடக்குது வுடும்மா. உப்பு இப்பிடித்தான் கண்ணைக் குத்தும். அதைக் கொறைச்சிட்டா, நான் அங்க என்னா பண்ணேன்னு எம்புள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

படம் முடிந்ததும்

கடல் ஊருக்குள் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. குப்பத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். பிளாஸ்டிக் பையில் ஒரு கல்யாணக் கேசட். சவுக்குத் தோப்பு மணலில் கிடைத்ததாம். புருஷனுடைய தங்கை கல்யாணம். ஆனால் அவர்களுக்கு வேண்டியது கல்யாணம் இல்லை. அந்தக் கூட்டத்தில் எங்கேயாவது அவர்களுடைய நாலு வயசுப் பையன் இருப்பான். அலை கொண்டுபோன பையன். வேறு படம் எதுவும் மிஞ்சவில்லை.

கேசட்டைத் திருகு கழற்றித் திறந்தேன். உள்ளே மணலும் உப்பும். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரில் நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அலசி, நிழலில் காயவைத்து, வேறு கேசட் கூட்டில் சுற்றினேன். நாலு நாள் ஆனது. ஓட்டினால் கோடு, கோடு, வெறும் கோடு. திடீரென்று நாற்பது விநாடிக்குப் படம் தெளிந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பையன், முழங்கால் வரை தொங்குகிற புதுச்சட்டையோடு கேமராவை நோக்கி நடந்து வருகிறான். நின்று நிமிர்ந்து பார்க்கிறான். மறுபடி கோடு. கேசட் முழுவதையும் அழித்த கடல், அந்த நாற்பது விநாடியை மட்டும் விட்டுவைத்திருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அவர்களை வரவழைத்துக் காட்டினேன். முடிந்ததும் அந்த மனிதர், "நிக்காம ஓடிக்கினே இருக்கற மாதிரி போட முடியுமாம்மா?" என்றார். முடியும். படம் முடிந்ததும் நிற்கவும் வைக்கலாம், திரும்பத் திரும்ப ஓடவும் வைக்கலாம். ஓடுவதில் டிக் அடித்துக் காட்டினேன். பையன் நடந்து வந்தான், நின்றான், பார்த்தான். மறுபடி பந்தல் காலிலிருந்து நடந்து வந்தான். மூன்றாவது தடவை கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா, ஒரு வாட்டி நடந்துட்டு நிக்கட்டும். இப்பிடியே நடந்துக்கினு இருந்தா புள்ளைக்குக் கால் வலிக்கும்."

* * *

ஒவ்வொரு கேள்விக்கும் நேராக 'இதுவே சிறந்தது' என்று தானே ஒன்றைக் குறித்துவைத்திருக்கிற அந்த சாஃப்ட்வேரை எழுதினவர்கள் பெரிய படிப்பாளிகளாகத்தான் இருப்பார்கள், எங்கள் கடையில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்காததுதான் ஒரே குறை.