பத்தொன்பது பேருக்கு மறு ஊசி

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் கிளினிக்குக்கு வருகிற யாருக்கும் அது தெரியாது. பதினொரு வருஷமாக ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழந்தையிடமும் "ஒரே ஒரு எறும்பு, கடிச்சிட்டு ஓடிரும்" என்று சொல்லிச் சொல்லி அவள் எறும்பக்கா ஆகிவிட்டாள். தலை நரைத்தவர்கள்கூட சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "இன்னைக்கு எறும்பக்கா இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டே அறைகள்தான் கிளினிக். முன்னறையில் ஏழு நாற்காலிகளும் குழந்தைகளை நிறுக்கும் எடை மேடையும். உள்ளறையில் டாக்டர். இரண்டுக்கும் நடுவில் திரை போட்டு மறைத்த இடுக்கு எறும்பக்காவின் ராஜ்ஜியம். ஒரு ஸ்டூல், போட்ட ஊசிகளை வெட்டிப் போடும் டப்பா, இடுப்பளவு உயரத்தில் ஒரு ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜில் தடுப்பு மருந்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒருமுறை டாக்டர் தன் சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். காலையும் மாலையும் உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து அதில் எழுத வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. பதினொரு வருஷமாக அது நாலிலேயே நின்றது.

ஒரு சனிக்கிழமை ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணியது. மருந்தையெல்லாம் கீழே மருந்துக் கடைக்கு மாற்றிவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் பின்பக்கத்தைக் கழற்றி மாட்டி, குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, "இனிமே சும்மா ஜில்லுன்னு இருக்கும் பாருங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் அந்தக் குமிழைப் பார்க்கவில்லை. சாயங்காலம் மருந்துகளைத் திரும்ப அடுக்கிப் பூட்டினாள்.

திங்களும் செவ்வாயும் தடுப்பூசி நாட்கள். முன்னறையில் நிற்க இடமில்லாத கூட்டம். புதன்கிழமை காலை பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தபோது அவள் கை அப்படியே நின்றது. பாட்டிலுக்குள் மருந்து இல்லை, பனிக்கட்டி இருந்தது. தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்கும் கீழே இரண்டு காட்டியது.

முன்வரிசை பாட்டில்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஒன்றைக் குலுக்கி மேஜையில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மருந்து திப்பி திப்பியாக அடியில் இறங்கியது. இரவில் உறைந்து, பகலில் கதவைத் திறந்து மூடும்போது இளகியிருக்கிறது. அம்மை ஊசி உறைந்தால் பாதகமில்லை. கக்குவான், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மருந்துகள் ஒருமுறை உறைந்தால் அதோடு சரி.

அட்டையைப் பார்த்தாள். திங்கள் காலை நாலு, மாலை நாலு. செவ்வாய் காலை நாலு, மாலை நாலு. எல்லாம் அவள் கையெழுத்து. ஒரு தடவைகூட உள்ளே பார்த்துவிட்டு எழுதவில்லை. கை பழக்கத்தில் எழுதியிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினாள். பிறகு எழுந்து டாக்டரிடம் போனாள்.

"ரெண்டு நாள்ல பத்தொன்பது பேருக்குக் கெட்டுப்போன மருந்தைப் போட்டிருக்கேன் சார். பதினாலு குழந்தைங்க, அஞ்சு பெரியவங்க."

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முழுசா கெட்டிருக்கும்னு சொல்ல முடியாதேம்மா. கொஞ்சம் வீரியம் குறைஞ்சிருக்கலாம். இதை வெளியில சொன்னா நாளைக்கு யாரு இங்க படியேறுவா? ஊசியே வேண்டாம்னு சொல்றதுக்கு ஊர்ல ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

"சொல்லாம விட்டா பத்தொன்பது பேரும் ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்பாங்க சார். நாளைக்கு அதுல ஒரு குழந்தை கக்குவான் வந்து மூச்சு விட முடியாம கிடந்தா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க நிக்கிறது?"

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மறுபடியும் போட்டா கெடுதல் ஒண்ணும் இல்லை" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு, "என்னன்னு சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"நடந்ததைத்தான். நான் பார்க்காம எழுதிட்டேன், என் தப்புன்னு."

"நம்ம தப்புன்னு சொல்லுங்க."

மெக்கானிக் திருகிய குமிழைக் குறைத்து வைத்து, உறைந்த மருந்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கீழே மருந்துக் கடையிலிருந்து புது மருந்து எடுத்து வந்தாள். அன்று மதியமே போனை எடுத்தாள். முதலில் ஒரு வெல்டரைக் கூப்பிட்டாள். தகரம் கிழித்த கையோடு வந்தவர், காயம் இன்னும் ஆறியிருக்காது. அரை மணியில் வந்து சேர்ந்தார். கதவை அடைக்கிற உடம்பு, ஊசியைப் பார்த்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"அப்போ முந்தாநாள் கடிச்சது பல்லில்லாத எறும்பா, அக்கா?"

"ஆமா. இதுக்குப் பல்லு இருக்கு. கையை விறைக்காதீங்க."

எல்லாரும் அப்படிச் சிரிக்கவில்லை. ஒரு தையல்காரம்மா, "ரெண்டு ராத்திரி குழந்தை காய்ச்சல்ல அழுதுச்சு, திரும்பவுமா?" என்று போனிலேயே விம்மினாள். மறுநாள் வந்தாள், ஊசி போட்டதும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். பஸ் டிரைவர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார், ஊசி போடுவதற்கல்ல.

"என் புள்ளை என்ன உங்களுக்குச் சோதனை எலியா? நான் ரோட்டைப் பார்க்காம பஸ்ஸை ஓட்டிட்டு, தப்பு நடந்துபோச்சு, மறுபடியும் ஏறுங்கன்னு சொன்னா விடுவீங்களா?"

அவர் சொன்னது சரி.

"மேல எழுதிக் கொடுக்கப் போறேன்."

"எழுதிக் கொடுங்க சார். என் பேரையும் எழுதித் தர்றேன்." ஒரு தாளில் தன் முழுப் பெயரை எழுதி நீட்டினாள். "ஆனா ஊசியை மட்டும் விட்டுடாதீங்க. இங்க வேண்டாம்னா வேற எங்கயாவது போட்டுடுங்க."

அவர் தாளை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் வேறொரு ஆஸ்பத்திரியில் போட்ட சீட்டை மனைவியிடம் கொடுத்தனுப்பினார். எறும்பக்கா அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலைக்குள் பதினெட்டு பேர் முடிந்தது. மிச்சம் ஒன்று. ஒன்றரை மாதக் கைக்குழந்தை. அம்மா கட்டட வேலைக்காரி. கொடுத்த போன் நம்பர் அணைந்தே கிடந்தது. வேலை நடந்த கட்டடத்துக்குப் போய் விசாரித்தாள். "அந்தக் கூட்டம் கிளம்பிடுச்சும்மா, பைபாஸைத் தாண்டி ஏதோ புதுக் கட்டடம்" என்றார் காவல்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மருந்து எடுத்துப்போகும் குளிர்பெட்டியைத் துடைப்பதை வீட்டுக்காரர் பார்த்தார். லேத் பட்டறையில் ஆறு நாளும் நின்றுவிட்டு ஒருநாள் மட்டும் காலை நீட்டிப் படுக்கிற மனிதர்.

"இன்னைக்குமா? பதினெட்டு பேருக்குப் போட்டாச்சு இல்ல?"

"நீங்க பத்தொன்பது போல்ட்டுல பதினெட்டை முடுக்கிட்டு வீட்டுக்கு வருவீங்களா?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு வண்டிச் சாவியைத் தேடினார்.

போகிற வழியில் கிளினிக்கைத் திறந்து ஐஸ் பைகளை வெளியே எடுத்து வைத்து, அவை வியர்த்துத் தண்ணீர் கோக்கும்வரை காத்திருந்தாள். அப்படியே வைத்தால் மருந்து இன்னொரு தடவை உறைந்துவிடும். பிறகுதான் பெட்டியில் அடுக்கினாள். பைபாஸைத் தாண்டி மூன்று கட்டடங்களில் கேட்டார்கள். நாலாவதில், தகரக் கொட்டகை வரிசையின் கடைசியில், சேலைத் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இருபது வயதிருக்கும். பெட்டியைப் பார்த்ததுமே முகம் இறுகியது.

"அன்னைக்கு ஊசி போட வந்ததுக்கே ஒருநாள் வேலை போச்சு. அப்போ போட்டது என்ன, வெறும் தண்ணியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்மா. மருந்து உறைஞ்சு கெட்டிருந்துச்சு. நான் கவனிக்காம போட்டுட்டேன். உனக்கு இன்னொரு நாள் போகக் கூடாதுன்னுதான் நானே வந்தேன்."

அந்தப் பெண் தூளியை ஒரு கையால் ஆட்டிவிட்டாள். கொட்டகை வாசலில் வேறு பெண்கள் கூடிவிட்டார்கள்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சொல்லவும், போடவும்."

"இந்தத் தடவை பார்த்தீங்களா?"

எறும்பக்கா பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை அவள் கையிலேயே கொடுத்தாள். கோடு எதுவரை இருக்கலாம் என்று விரலால் காட்டினாள். அந்தப் பெண் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு, தூளியிலிருந்து குழந்தையை எடுத்து, சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, துணியை விலக்கித் தொடையைக் காட்டினாள். குழந்தை வீறிட்டது. அதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டியை மூடப்போனபோது ஒருத்தி ஒரு பொடியனை முன்னால் தள்ளினாள். "இவனுக்குப் பொறந்தப்போ போட்டதோட சரி. நாங்க ஒரு இடத்துல நின்னாத்தானே." அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். பெட்டியில் வேறு மருந்து இல்லை. எறும்பக்கா தன் சின்ன நோட்டில் குழந்தைகளின் வயதையும் விட்டுப்போன ஊசிகளையும் எழுத ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டு நின்றார். பதினேழு குழந்தைகள் தேறின.

அடுத்த வாரம் சுகாதார அதிகாரி வந்து விசாரித்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பஸ் டிரைவர் குடும்பம் திரும்பி வரவேயில்லை. தையல்காரம்மா மூன்று மாதம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல, பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்து அழைத்து வந்தாள்.

கொட்டகைக் குழந்தைகளை எழுதிய நோட்டை அவள் அந்தத் திங்கட்கிழமையே டாக்டரின் மேஜையில் வைத்தபோது, "ஞாயித்துக்கிழமையா?" என்று அவர் பெருமூச்சு விட்டார். "அன்னைக்குத்தான் சார் அவங்களுக்கு வேலை இல்லை" என்றாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு என்று பேசி முடிவானது. முதல் தடவை அவர் தன் காரிலேயே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். தகரக் கொட்டகை நிழலில் ஒரு பலகையைப் போட்டு அவர் சீட்டு எழுத, அவள் ஊசி போட்டாள். மத்தியானம் முடிவதற்குள் நோட்டில் இருந்த பதினேழு பேருக்கும் விட்டுப்போன ஊசி போட்டதோடு, மேஸ்திரிக்கும் இரண்டு கம்பி கட்டுகிறவர்களுக்கும் டெட்டனஸ் ஊசி போட்டாகிவிட்டது.