அடிநூல்

அறுபதுகளில் தாராவியில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை தைக்கும் பட்டறை ஒன்றில் நான் மிஷின் ஓட்டினேன். மிஷினுக்கு அடியில் போடும் நூலுருளையான பாபினை எங்களுக்குச் சுற்றித் தருவதற்கென்றே ஒருவர் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. நூல் சுற்றும்போதுகூட கோர்ட்டில் தீர்ப்பு எழுதுகிற மிடுக்கு.

செய்ததோ களவாணி வேலை. பாபினில் மிஞ்சிய பழைய நூலை உருவி எடுக்கச் சோம்பல். அதன் நுனியிலேயே புது நூலை முடிந்து சுற்றிவிடுவார். வெள்ளை என்று நம்பி நான் தைத்துக்கொண்டு போவேன். பாதி ரஜாயில் வெள்ளை தீர்ந்து அடித்தையல் சிவப்பாகிவிடும். பிரித்துத் தைப்பதும் முதலாளி ஸேட்டிடம் ஏச்சு வாங்குவதும் நான்.

கேட்டால், "அடியில இருக்கத எவம்வே திருப்பிப் பாக்கப் போறான்?" என்பார்.

ஒருநாள் அவர் சட்டையில் தோள் தையல் விட்டுப்போயிற்று. மறுநாள் அம்பர்நாத்தில் கல்யாண வீடாம்; கழற்றி என்னிடம் கொடுத்தார். வேண்டுமென்றே, அவர் சுற்றியதில் வெள்ளை தீரப்போகிற பாபினாகப் பார்த்துப் போட்டுத் தைத்தேன். வாங்கியதும் முதல் வேலையாகச் சட்டையை உள்புறம் திருப்பினார். தோளில் பாதிக்குமேல் சிவப்பு ஓடியிருந்தது.

"என்னவே இது?"

"அடியில எவம் பாக்கப் போறான், அண்ணாச்சி?"

"நான் பாத்துட்டம்லா!"

 நான் பிரித்துத் தைத்து முடிக்கும்வரை பனியனோடு பக்கத்திலேயே நின்றார். மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பச்சை நூல் மிஞ்சிய பாபின் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் வெள்ளை நூலை நிதானமாக முடிந்தார். அவ்வளவு நேர்த்தியான முடிச்சை நான் வேறெவரிடமும் பார்த்ததில்லை.